ஏழாவது பீரியட்

ஓவிய ஆசிரியர் பணியிடம்
காலியாகி நாலு வருஷம்.
வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட்
அறிவியல்காரி என் தலையில் விழுந்தது.
எனக்கும் கோடு போடத் தெரியும்,
ஸ்கேல் இருந்தால்.

அதனால் இரவு பத்தரைக்கு மேல்
பாத்திரம் கழுவிவிட்டு
மிச்சமிருக்கும் டேட்டாவில் பாடம் இறக்குகிறேன்.
சொல்லித்தர உலகமே வரிசைகட்டி நிற்கிறது, இலவசமாக.
முப்பது நாளில் முகம்.
பத்தே நிமிஷத்தில் பூனை.
ஏதோ ஊர் அருங்காட்சியகம்
தன் சுவர்களையே திறந்துவைத்திருக்கிறது;
பெரிதாக்கினால்
முந்நூறு வருஷத்துச் சாயத்தில் வெடிப்பு தெரிகிறது.
நேற்று நள்ளிரவில்
யாரோ ஒரு ராணியின் கழுத்துப்பட்டையில்
நூல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
விடைத்தாள் கட்டு அப்படியே கிடந்தது.

தேவையான பொருட்கள் என்று போடுகிறார்கள்:
பருத்தியில் செய்த கெட்டித் தாளாம்.
எங்களிடம் இருப்பது
கமலேஷின் அப்பா ஹார்பரிலிருந்து கொண்டுவந்த
பழைய பில்களின் பின்பக்கம்.
எந்த வானம் வரைந்தாலும்
உள்ளே ஒரு கண்டெய்னர் எண் மிதக்கும்.

இந்த வாரம், தூரம்.
ஸ்வெட்டர் போட்ட தாடிக்காரர்
கிடையாக ஒரு கோடு இழுத்தார்.
இது உங்கள் கண்மட்டம்.
நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.
இரண்டு தண்டவாளங்கள்
அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது
கரண்ட் போய் ஸ்மார்ட் போர்டு கறுத்தது.
மிச்சத்தை என் செல்லில்
பெஞ்சு பெஞ்சாக நடந்து காட்டினேன்.

"சேராது மிஸ்" என்றான் எபினேசர்.
"சேந்தா வண்டி கவுந்துரும்."
கொருக்குப்பேட்டைப் பையன்;
தண்டவாளம் அவன் வீட்டு வாசல்.
கண்ணுக்கு அப்படித் தெரியும்டா என்றேன்.
"எந்தக் கண்ணுக்கு மிஸ்?"
கிண்டலா, கேள்வியா, பிடிபடவில்லை.
வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நாற்பத்தொரு தாள்.
முப்பத்தெட்டில் தாடிக்காரரின் தண்டவாளம்,
இரண்டு பக்கமும்
இங்கே யாரும் பார்த்திராத பைன் மரங்கள்.
ஒன்றில் வெறும் புள்ளி. நல்ல பெரிய புள்ளி.
எபினேசர்
தாள் தீரும்வரை சேர்க்கவே இல்லை.

தஸ்லிமாவுடையதில்
மேல்பாதி முழுக்கக் கறுப்பு.
அழுத்தித் தேய்த்துத் தேய்த்து
தாள் பளபளத்தது.
அதன் அடியில் சக்கரங்கள்,
ஸ்பிரிங் சுருள், தொங்கும் ஒரு கொக்கி.
ஒவ்வொரு ஜல்லியும் முட்டி அளவு.
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே
ஒரு துண்டு வெளிச்சம்,
அதற்குள்
எறும்பு சைஸில் எங்கள் பள்ளி கேட்.

வானத்தைக் காணோமே என்றேன்.

"குனிஞ்சா தெரியாது மிஸ்.
கூட்ஸ் நின்னுட்டா கீழ பூந்துதான் வருவோம்.
பெல் அடிச்சிட்டா நீங்க வெளிய நிக்க வெப்பீங்கல்ல."

அவள் கண்மட்டக் கோடு போடவில்லை.
நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பழக்கதோஷம்.
ஜல்லி, சக்கரம், கேட்டின் கம்பி
எல்லாமே ஒரே இடத்துக்குத்தான் ஓடின.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

பாடத்தோடு
மதிப்பெண் அட்டவணையும் இறக்கியிருந்தேன்.
சுத்தம் ஐந்து, நிழல் ஐந்து, கோடு ஐந்து.
பேனா மூடியைத் திறந்து
திரும்ப மூடினேன்.

ஸ்டாஃப் ரூமில் தாமத நோட்டைப் புரட்டினால்
இந்த மாதம் மட்டும் பதினோரு இடத்தில் தஸ்லிமா.
என் கையெழுத்துதான்.
கோடு பிசகாமல், நேர்நேராக.

வெளியே போகும்போது எபினேசர் நின்று கேட்டான்:
"அந்த ஸ்வெட்டர் சார் ஊர்ல
கூட்ஸ் நிக்காதா மிஸ்?"

அடுத்த வாரம் வாட்டர் கலர்.
நாற்பத்தொரு பேருக்கு ஆறு பிரஷ்.
அதற்கும் யாராவது
ஏதாவது போட்டிருப்பார்கள்,
தேடிப் பார்க்க வேண்டும்.