நிறுத்தக்குறிகள்: அனைத்தும்

முதல் இரவு முழுக்க அது சொன்னது ஒன்றுதான்:
பொத்தான். பொத்தான். பொத்தான்.
பெயரில்லாத பொத்தான்கள் பதினொன்று.
எதை அமுக்கினால் நிறுவும், எதை அமுக்கினால் விலகும் என்று
ஒரு சொல் எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை.
ஏழாவதை அமுக்கினேன்.
ஏதோ திறந்தது. அல்லது மூடியது.
வெளியே மொந்தேவிதேயோவின் ஆற்றுக்காற்று
மூடிய கடையொன்றின் தகரத்தை
உலுக்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு வேலை டாக்ஸி நிறுவனத்தின் தொலைபேசி மேசையில்.
வண்டிகளை எண்ணால் அறிவேன்,
ஓட்டுநர்களை இருமலால்.
எந்த இரவு எவர், ஞாயிறு விடுப்பு எவருக்கு
என்பதையெல்லாம் முதலாளி பசால்தூவா
கட்டம் போட்ட தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்.
தினமும் யாரிடமாவது கேட்க வேண்டும்:
கொஞ்சம் வாசித்துச் சொல்லேன்.
அந்தத் தாளை நானே எழுதினால் என்ன?
இவ்வளவுதான் என் லட்சியம்.

எடிட்டருக்குள் நுழைந்துவிட்டேன்; வெளியே வரத் தெரியவில்லை.
ஊரெல்லாம் என்னை அடுத்த கதவுக்குக் கூட்டிப்போகும் டேப் விசை
அங்கே மட்டும் வெற்றிடத்தைக் கொட்டியது.
நாற்பது நிமிடம் தட்டினேன்.
வெற்றிடத்தின் மேல் வெற்றிடம்.
கடைசியில் மின்சாரத்தைப் பிடுங்கினேன்,
பேட்டரி இருப்பதை மறந்து.

என் ஸ்பானியக் குரலுக்கு ஆங்கிலம் வராது.
வைல் என்பதை உய்லே என்றது.
ட்ரூ என்பதை த்ரூவே என்றது.
த்ரூவே யார், எந்த ஊர் என்று மூன்று நாள் குழம்பினேன்.
உண்மை என்று பொருளாம்.

நான்காம் வரியில் பிழை, என்றது இயந்திரம்.
நான்காம் வரியை முப்பது தடவை கேட்டேன்.
பிசகே இல்லை. எண்ணெய் போட்ட கீல் மாதிரி ஓடியது வரி.
ஆனாலும், நான்காம் வரியில் பிழை.

பைசாந்தூவிலிருந்து வாஷிங்டன் எச்செவெரி பேசினான்.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னைப்போலவே பார்வை இல்லை,
வங்கிக்கு நிரல் எழுதுகிறான். பின்னணியில் எதையோ வறுக்கும் சத்தம்.
'நெலிதா, உன் குரல் ரொம்ப நாசூக்கு.
அடைப்புக்குறியை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடும்.
அமைப்புகளுக்குப் போ. நிறுத்தக்குறிகள்: அனைத்தும்.
உள்தள்ளல்: ஒலியாக.
இரு, வெங்காயம் கருகுது.'
வைத்துவிட்டான்.

அனைத்தும்.
வரிக்கு எலும்பு முளைத்தது.
பிரிண்ட் இடது அடைப்பு மேற்கோள் இரவு வண்டிகள் மேற்கோள்
காத்திருந்தேன்.
அடுத்து வர வேண்டியது வரவில்லை.
குரல் ஐந்தாம் வரிக்குப் போய்விட்டது.
பந்தியில் ஓர் இலை காலியாக இருப்பதுபோல
அந்த இடம் அப்படியே கிடந்தது.
வலது அடைப்பு போட்டேன்.

உள்தள்ளல் இப்போது ஸ்வரமாகக் கேட்கிறது.
ஒரு படி உள்ளே போனால் ஒரு படி மேலே.
நிபந்தனைக்குள் நிபந்தனைக்குள் நிபந்தனை வைத்தால்
எலிக்குஞ்சு போலக் கீச்சிடும்;
அப்படியானால் நான் அதிகம் யோசித்துவிட்டேன் என்று பொருள்.

நேற்று இரண்டு மணி. அழைப்புகள் ஓய்ந்த நேரம்.
திரையை அணைத்துவைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்,
குரல் வேகத்தை ஏற்றி, சுண்டெலி ஓட்டமாய்.
ராமிரோ மாத்தே குவளையோடு வந்து நின்றான்.
'அம்மணி, மெஷின் அணைந்து கிடக்கிறது.'
'உனக்கு' என்றேன்.
உறிஞ்சும் சத்தம் நின்றது.

ஓடவிட்டேன்.
ஏழு, பன்னிரண்டு, இருபத்தெட்டு, நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றா?
அந்த வண்டியைப் போன மார்ச்சிலேயே விற்றாயிற்றே,
கதவு மூடும்போது அழும், அதுதானே,
என்றான் ராமிரோ.
அதுதான்.
பட்டியலிலிருந்து அதை எடுக்க மறந்தது நான்.
குரல் இல்லை, பொத்தான் இல்லை, த்ரூவே இல்லை.
பதினேழாம் வரி. முழுக்க என்னுடைய தப்பு.

அவனிடம் ஒரு வாய் மாத்தே வாங்கிக்கொண்டு
பதினேழுக்குப் போனேன்.