உ என்று தொடங்கிய சொல்

பொத்தித் துறைமுகத்தில்
மழைக்கு விடுமுறை கிடையாது.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு,
அதற்குள் நான்.
கீழே ஆரஞ்சுச் சட்டையில் ஒரு புள்ளி.
அவன் பெயர் ஜும்பெர்.

கப்பலின் வயிற்றுக்குள் பெட்டி இறங்கும்
கடைசி முழம் எனக்குத் தெரியாது.
அவன் கைக்குத்தான் தெரியும்.
உள்ளங்கை வானம் பார்த்தால் தூக்கு,
விரல்கள் மடங்கினால் நிறுத்து.
வாக்கிடாக்கி அவன் இடுப்பில் தூங்கும்.
சொற்கள் தொண்டையில் இடறி விழும் அவனுக்கு;
கை ஒருநாளும் திக்கியதில்லை.

திங்கட்கிழமை முதல் ஒரு புதுப் பழக்கம்:
இடப்பக்கம் நகரும்போதெல்லாம்
மெல்ல, மெல்ல என்று கையை அமிழ்த்தினான்.
மணிக்கு இருபத்தைந்து பெட்டி என்று எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு
மெல்ல என்பது கெட்ட வார்த்தை.
பயந்தாங்கொள்ளி என்றேன், சத்தமாகவே.
கண்ணாடிக்குக் காதில்லை.

செவ்வாய், கேன்டீனில்,
தட்டோடு என் எதிரே வந்து நின்றான்.
"உ..." என்றான்.
"உ... உ..."
"உப்பா? இந்தா, பிடி" என்றேன்.
வாஜா சிரித்தான்.
அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை.
துறைக்குள் நுழையும் கப்பல் மாதிரி
உஊஊ என்று ஊதிக் காட்டினேன்.
மேசை முழுக்கக் குலுங்கியது.
சமையற்கட்டில் செசிலி மட்டும்
கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவன் உப்பை வாங்கிக்கொண்டான்.
ஏற்கெனவே கரித்த சூப்பில் தூவினான்.
கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

புதன்கிழமை மூடுபனி.
முப்பது டன் கயிற்றில் ஆடுகிறது.
ஆரஞ்சுப் புள்ளி கரைந்து கரைந்து தெரிகிறது.
நேற்று நான் ஊதியது
இன்றுதான் எனக்குக் கேட்கிறது.
அரை நொடி அவன் தாமதித்தால் போதும்,
பெட்டி விளிம்பில் மோதும்,
அறிக்கையில் என் பெயர் மட்டும் வரும்.
கோபத்தில் இருக்கும் கையை எனக்குத் தெரியும்,
என் வீட்டிலேயே ஒன்று இருந்தது.

இது அது இல்லை.
நான் கேட்காமலே
இரண்டு கையிலும் டார்ச் விளக்கு.
இறக்கு. மெல்ல. இன்னும் மெல்ல. நிறுத்து.
பெட்டி தன் இடத்தில் உட்கார்ந்தது.
மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாலும்
சிந்தியிருக்காது.

இந்த வரியிலிருந்து
அவர்.

வெள்ளி மதியம்
நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினேன்.
படிக்கு ஒருவிதமாய் மன்னிப்பைச் சொல்லிப் பார்த்ததில்
கடைசிப் படியில் ஒன்றும் மிச்சமில்லை.
"ஜும்பெர், நீங்கள்..." என்று தொடங்கி
நானும் நின்றுவிட்டேன்.
அவர் என் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை.
காத்திருந்தார்.
நான் முடிக்கவேயில்லை.

பிறகு அவர்:
"உ..."

உப்பு என் கைக்கருகில்தான் இருந்தது.
நீட்டிவிடலாம்.
அதற்கு அன்பு என்றுகூடப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.
"உ... உ..."
வாஜா வாயெடுத்தான்,
மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.
சூப்பின் மேல் கொழுப்பு ஆடை கட்டியது.
வெளியே ஒரு லாரி
பின்னோக்கி, பின்னோக்கி வந்து நின்றது.

"உ... உங்கள் கிரேனில்
இ... இடப்பக்கச் சக்கரம்
கிறீச்சிடுகிறது.
திங்கட்கிழமையிலிருந்து."

எழுந்துபோய் மெக்கானிக்கை அழைத்தேன்.
மேலே உட்கார்ந்துகொண்டு உனக்கெப்படிக் கேட்டது என்றான்.
எனக்குக் கேட்கவில்லை என்றேன்.
கேட்டவர் பெயரைச் சொன்னேன்,
குடும்பப் பெயரோடு,
ஓர் எழுத்தும் விழுங்காமல்.

திரும்பி வந்தபோது
பாதி சூப்பில் இருந்தார்.
செசிலி இன்று உப்பை மறந்துவிட்டாள் போலும்.
உள்ளங்கை வானம் பார்க்க
என் பக்கம் கையை நீட்டினார்.

தூக்கு.

தூக்கிக் கொடுத்தேன்.