மார்ச் பதினைந்து, கணபதி

செல்லாண்டி காம்பொனன்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்டுக்கு
வருகிற ஆவணியில் ஏழு வயது.
சோறு தின்னாது, காய்ச்சல் வராது,
ஜாதகம் இல்லை, பான் கார்டு உண்டு.
எனக்கும் அவருக்கும்
ஒரு வரம்புவரை வரி கிடையாது.
அதற்கு அந்தச் சலுகை இல்லை,
சம்பாதித்த முதல் ரூபாயிலிருந்தே.

"ஏனுங்க்கா, லாபம் பதினெட்டு நாப்பது வருதுங்"
என்கிறார் போனில் ஆடிட்டர் ஞானவடிவேல்,
பொண்ணுக்கு வரன் அமைந்ததைச் சொல்கிற குரலில்.
வரி நாலு அறுபத்து மூணு.
டிசம்பர்வரை கட்டியது போக
இன்றைக்குள் ஒண்ணு பதினாறு.
கரண்ட் அக்கவுண்டில்
எழுபத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

அப்போ அந்தப் பதினெட்டு எங்கே?
பட்டறைக்குள் இறங்கித் தேடினேன்.
கொஞ்சம் சிஎன்சி மெஷினின் வயிற்றில்:
தவணையில் வட்டிதான் செலவாம்,
அசலை அடைப்பது செலவில்லையாம்.
மீதி நீலம்பூர் பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸில்
எங்கள் வால்வுகளாக அடுக்கியிருக்கிறது,
தொண்ணூற்று நாலு நாளாய்.
பில் போட்டாலே அது வருமானம்.
பணம் வருவது வேறு சமாச்சாரம்.

மெஷினுக்குத் தேய்மானம் பதினைந்து சதவீதம் கழிக்கலாம்.
என் வலது முழங்காலுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
"டைரக்டர் சம்பளத்துல வெச்சுக்கோங்" என்று சிரித்தார்.
மயூரியின் ஹாஸ்டலுக்கு நான் எடுத்த நாற்பதாயிரத்தை
ஒரே வாரத்தில் திரும்ப வைக்கச் சொன்னவரும் அவர்தான்.
"கம்பெனி உங்குளுதுங். பணம் கம்பெனியோடதுங்."
டிவிடெண்டாக எடுத்தாலோ
ஆலையில் ஒருதரம் பிழிந்த கரும்பை
என் கையில் கொடுத்து இன்னொருதரம் பிழிவார்கள்.

இரண்டரைக்கு மறுபடி அவரே.
"மருதாசலத்துக்குக் காஸ்டிங் பாக்கி ரெண்டு பத்து நிக்குதுங்.
முப்பத்தொண்ணுக்குள்ள குடுக்காட்டி
அதுவும் உங்க லாபத்துல சேந்துருங்."

கடன் எப்படி லாபமாகும்?
"சின்னவனுக்கு நாள் தள்ளுனா அப்படித்தானுங், சட்டம்."

சின்னவன்.
எங்களுக்கும் அதே பதிவு, அதே சர்டிபிகேட்,
ஷட்டர் பக்கம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

நீலம்பூருக்கு அடித்தேன்.
"ஏப்ரல்ல பாத்துக்கலாம் மேடம்."
"ஏப்ரலுக்குப் போனா என் பாக்கி உங்க லாபம் சார்.
உங்க ஆடிட்டரைக் கேளுங்க."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஃபேன் சத்தம்.
என் குரல் நடுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நாலு பத்துக்கு மூன்று லட்சம் ஏறியது.
கேட்டது ஆறரை.
சலானைக் கட்டிவிட்டு
மருதாசலண்ணனுக்கும் போட்டுவிட்டேன்.
"என்னம்மிணி, கேக்காமயே வருது?" என்றார், பயந்தவர்போல.
சனிக்கிழமைக் கூலிக்கு நாற்பத்தைந்து மிஞ்சியது.
ஐம்பத்தெட்டு வேண்டும்.

சாயங்காலம் பிகாஷ்
லேத்தடியில் குவிந்த இரும்புச் சுருள்களைக் கூட்டி
மூட்டை கட்டினான்.
கிலோ இருபத்தேழு. இதர வருமானம்.
ஞானவடிவேல் அதையும் விடமாட்டார்.

வீட்டு வாசலில் செருப்பைத் தட்டினேன்.
அடியில் குத்திக்கொண்டு ஒரு சுருள்,
சூட்டில் நீலமேறியது,
எந்த லெட்ஜரிலும் ஏறாமல்
என்னோடு வந்துவிட்டது.
பிடுங்கினேன். விரலைக் கீறியது.