ரெண்டு வானத்துக்கு ஒரு சட்டை

வண்ணார்பேட்டைக் கடையில் ஏசி ஓடியது.
அதுதான் முதல் தப்பு.
குளிர்ந்த அறையில் போட்டுப் பார்க்கும் எந்தச் சட்டையும்
வெயிலைப் பற்றி உண்மை சொல்லாது.

தோல் ஜாக்கெட் ஒன்று தொங்கியது, கறுப்பு,
என் மூன்று மாதச் சம்பளம்.
கையை நுழைத்தேன். கண்ணாடியில் யாரோ ஒருத்தி
சண்டைக் காட்சிக்குக் கிளம்பி நின்றாள்.
கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

"வெயிலுக்கு வாங்குதியளா, மழைக்கா?"
என்றார் இசக்கித்துரை.
ரெண்டுக்கும்தான். ஒரே நாளில்.
பத்து மணிக்கு ஆலங்குளத்தில் தார் இளகும்,
பதினொன்றரைக்குப் புளியரையில் பல் கிட்டும்.
நடுவில் நாற்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

யோசித்து வலைச்சட்டையை எடுத்தார்.
மார்பிலும் முதுகிலும் சல்லடைக் கண்கள்,
முழங்கையில் சிரட்டைக் கனத்தில் காப்பு.
"காத்து அங்கிட்டு நுழைஞ்சு இங்கிட்டு வரும்."
மழை?
"மழையும் அப்படித்தான்."
அந்த நேர்மைக்காகவே வாங்கினேன்.
எலுமிச்சை மஞ்சள்தான் இருந்தது,
கண் கூசும் பட்டைகள் வேறு.

மழை உறையை உள்ளே போடுவதா, மேலே போடுவதா?
உள்ளே என்றால் ஜாக்கெட் முழுக்க ஊறி
ஈரச் சாக்கைச் சுமந்து மலை ஏற வேண்டும்.
மேலே என்றால் நிறுத்தி, இறங்கி,
கையுறையைப் பல்லால் இழுத்து,
பையைத் துழாவுவதற்குள் மழை முந்திவிடும்.
ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே
செய்யதலி பாத்திமா தீர்ப்புச் சொன்னாள்:
"ஏட்டி, மேலேயே போடு.
நனையுததுக்கு முன்னாடி போடணும், அவ்வளவுதான்."
முன்னாடி என்பது எப்போது என்று
அவளும் சொல்லவில்லை.

ஜீன்ஸ் வேண்டாமென்று நானே முடிவெடுத்தேன்.
தண்ணீர் குடித்த பருத்தி
கந்துவட்டிக்காரன் மாதிரி கூடவே வரும்.
துளை போட்ட கையுறைக்கு அடியில் போட
ஆய்வுக்கூடத்து ரப்பர் உறை ரெண்டு ஜோடி.
கண்காணிப்பாளருக்குத் தெரியாது.

வைகாசிக் கடைசி ஞாயிறு. பேட்டை தாண்டியதும்
வெயில் வேலையை ஆரம்பித்தது.
சட்டையும் தன் வேலையைச் செய்தது, வண்டி ஓடும்வரை.
சீதபற்பநல்லூரில் ஆட்டு மந்தை கடந்து முடிய
ஆறு நிமிஷம்.
சல்லடைக் கண் ஒவ்வொன்றும் ஒரு அடுப்பு.

ஆலங்குளத்தில் நன்னாரி சர்பத்.
பெஞ்சில் இருந்தவர் என் மஞ்சளை மேலும் கீழும் பார்த்தார்.
"கரண்டு எப்பம்மா வரும்?"
நான் ஈபி இல்லை என்றேன்.
"அப்ப ரோடா?"
ரோடும் இல்லை.
"பெறகு எதுக்கு இந்த வெக்கையில?"
விழுந்தால் தோல் போகாமல் இருக்க, என்றேன்.
அவர் தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார்.
பழைய தழும்பு, வழவழவென்று, உள்ளங்கை அகலம்.
"பாவூர்சத்திரம் பக்கம்," என்றார்.
என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

செங்கோட்டை தாண்ட, மலை இருந்த இடத்தில்
வெள்ளையாக ஒன்று நின்றது.
சட்டைக்குள் புகுந்த காற்றில் ஈரமண் வாசம்.
முதுகு வியர்வை சில்லிட்டது.
இதுதான் "முன்னாடி" என்று இப்போது தெரிகிறது.
அப்போது உலகத்திலேயே சந்தோஷமான மனுஷி நான்.
இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு.

எஸ் வளைவில் மழை நேரே உள்ளே வந்தது.
இசக்கித்துரை பொய் சொல்லவில்லை.
லாரிகள் முக்கி ஏற, ஓரமாய் நிறுத்தி,
ரப்பர் விரல்களால் உறையைப் பிரித்து,
தொப்பலாய் நனைந்த உடம்பை
மழை படாமல் பத்திரமாக மூடினேன்.
ஈரம் ஈரமாகவே இருந்தது. காற்று மட்டும் நின்றது.
கொஞ்ச நேரத்தில் உள்ளே கதகதவென்று வந்தது.
கோட்டைவாசல் வரைக்கும் அது போதுமாயிருந்தது.

திரும்பும்போது பாவூர்சத்திரத்தில் மறுபடி வெயில்.
காய்கறி லாரிகளுக்கு நடுவில் உறையைக் கழற்றினேன்.
மூடி திறந்த இட்லிக் கொப்பரைபோல
என் மேல் ஆவி பறந்தது.

பாளையங்கோட்டை மொட்டை மாடியில்
சட்டையைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
இடது பையிலிருந்து கால் டம்ளர் புளியரை
சுடுதரையில் விழுந்து, பார்க்கப் பார்க்கக் காணாமல் போனது.
பாத்திமா போனில் கேட்டாள்:
"அடுத்த தடவ வாசம் வந்ததுமே நிறுத்துவியா?"
நிறுத்துவேன் என்றேன்.
கடைக்காரர் அளவுக்கு நேர்மை
எனக்கு வரவில்லை.