காய்ச்சல்

நாலு மணி ஆனால் வந்துவிடும்.
ஓட்டேரிப் பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொள்ளும் நேரம்
முதுகுத்தண்டில் யாரோ ஈரச்சாக்கை விரிப்பார்கள்.
நடுங்கித் தீர்ந்து வேர்த்தால்
வேர்வையில் மக்கின வைக்கோல் வாடை.
விடிந்தால் ஒன்றுமில்லை,
எழுந்து போய்க் கறப்பேன்.

டைஃபாய்டு என்றார் தெருமுனை டாக்டர்.
மலேரியா என்றார். அப்புறம்
குடிப்பியா என்றார்.
மூன்று மாதத்தில் பதினொரு கிலோ போச்சு.

ஸ்டான்லியில் ஒரு சின்னப் பெண்,
கழுத்தில் ஸ்டெத், கண்ணில் தூக்கம்,
"என்ன வேலை பண்றீங்க?"
மாடு மூணு, என்றேன்.
"எதுக்காவது கரு கலைஞ்சுதா?"

இவளுக்கு யார் சொன்னது?
பங்குனியில், கரன்ட் போன ராத்திரி,
செவலை ஏழாம் மாசமே போட்டுவிட்டாள்.
நஞ்சுக்கொடி விழவில்லை.
முழங்கை வரைக்கும் விட்டு
இந்தக் கையால்தான் எடுத்தேன்.
கட்டைவிரலில் புல் அறுத்த காயம்.
கன்றின் மூக்கில் வாய் வைத்து
ஊதியும் பார்த்தேன்.
புவனேஸ்வரிக்குக்கூடத் தெரியாது அது.

செவலை ரத்தம் வேப்பேரிக்குப் போனது,
எத்திராஜ் ரத்தம் ஸ்டான்லியிலேயே இருந்தது.
இரண்டு சீட்டிலும் வந்தது
வாயில் நுழையாத ஒரே பெயர்.

எனக்கு ஆறு வாரம் மாத்திரை;
மூத்திரம் செங்கல் கரைத்த மாதிரி போகிறது.
அவளுக்கு மாத்திரை கிடையாது.
தனியாகக் கட்டு, விற்காதே,
மற்ற இரண்டுக்கும் பார்க்கும்வரை
பாலை ஊற்றாதே என்றார்கள்.

முப்பத்திரண்டு வீடு.
படியேறிப் படியேறிச் சொன்னேன்,
நேத்து வாங்கினது இருந்தா நல்லா காய்ச்சிடுங்க.
"காய்ச்சாம யாருப்பா குடிப்பாங்க?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
காய்ச்சு, காய்ச்சல்,
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியிருக்கிறேன்.

கடைசியாகத்தான் போனேன்
சேட்டு வீட்டு மூன்றாம் மாடிக்கு.
தினம் அஞ்சரைக்கு வெள்ளி டம்ளரோடு
கொட்டகைக்கு வருவான் ஹர்ஷித்.
நுரை தளும்பப் பீய்ச்சிக் கொடுப்பேன்,
நின்ற இடத்திலேயே குடிப்பான்,
மீசை வைத்துக்கொண்டு ஓடுவான்.
கறந்த சூட்டோடு குடிச்சா பலம் தம்பி,
சொன்னது நான்தான்.

மணியை அடித்தேன்.
அவனே திறந்தான், ஸ்கூல் டையோடு.
மணி நாலு தாண்டியிருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
அவன் நெற்றியில் புறங்கையை வைத்தேன்.
சூடு.

என் கையா, அவன் நெற்றியா,
தெரியவில்லை.