ஒரு டெராபைட்

சமையலறைக்கு வெளியே
சங்கிலி போட்டு வைத்திருந்த காஸ் சிலிண்டரை
சங்கிலியோடு கொண்டுபோனார்கள்.
அதற்குப் பிறகுதான் நக்கீல் கடைத்தெருவுக்குப் போனேன்.

நிஷாது உருண்டையாக ஒன்றை எடுத்து வைத்தான்.
ஒயரே வேண்டாம் சேச்சி, ஒட்டினால் போதும்,
படமெல்லாம் மேகத்தில் இருக்கும்,
மாதம் முப்பது திர்ஹம் மட்டும்.

ராஸ் அல் கைமாவில் எங்கேடா மேகம் என்றேன்.
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
இந்த 'மட்டும்' என்ற சொல்லைப்
பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன்.
வீட்டுக்கு நாலு செக்,
தண்ணீருக்கு, ஏசிக்கு, பிள்ளையின் பஸ்ஸுக்கு,
இங்கே இருப்பதற்கே
இரண்டு வருஷத்துக்கு ஒரு கட்டணம்.
என் வாசலை நான் பார்ப்பதற்கும் வாடகையா?

கட்டாவிட்டால்?
பார்க்கலாம் சேச்சி.
பழசைத்தான் பார்க்க முடியாது.

ஒயர் உள்ளதைக் காட்டு.

காட்டினான். இரண்டு கேமரா,
ஒரே கேபிளில் கரண்டும் படமும்,
ஆகஸ்ட் வெயிலில் உருகாத கூடு,
அலமாரிக்குள் வைக்க ஒரு கறுப்புப் பெட்டி.
ஒருமுறை காசு, அதோடு சரி.
டிஸ்க் ஒரு டிபியா, இரண்டா?
ஒன்று பதினான்கு நாள் தாங்கும்,
இரண்டு இருபத்தெட்டு.
தொண்ணூறு திர்ஹம் வித்தியாசம்.
எந்தத் திருடன் பதினைந்து நாள் யோசிக்கிறான்?
ஒன்று போதும் என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
குல் ஜமான் ஏணியோடு வந்தார்.
சுவருக்குள் நுழையும் முன் கேபிளை
ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்தார்.
தண்ணீர் இந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.
மழையே இல்லையே என்றேன்.
வரும்போது அது நம்மிடம் கேட்டா வரும், என்றார்.

பக்கத்து வீட்டு உம் சைஃப்
மதில் மேல் விரலை மட்டும் காட்டினாள்:
என் முற்றம் தெரிகிறதா?
அரை விரற்கடை திருப்பினோம்.
அவள் பேரீச்சையின் ஓர் ஓலை இன்னும் தெரிந்தது.
அது இருக்கட்டும் என்றாள்.

ஆயிரத்து இருநூறா, ஒரு சிலிண்டருக்கா
என்று எபினேசர் கேட்டார்.
கேட்ட இரவே சண்டை.
காலையில் என்னை எழுப்ப வேண்டாம் என்று
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

திருடன் வரவில்லை.
பூனை வந்தது. தூசி வந்தது.
லென்ஸில் வலை கட்டிய சிலந்தி
இரவெல்லாம் ஒட்டகம் அளவுக்கு நடந்தது.
புதுச் சிலிண்டரோடு வந்த பையன்
மணி அடிக்கும் முன் தலை வாரிக்கொண்டான்.

பிறகு, மூன்றாம் தேதி, 3:12.
படம் முழுக்க வெள்ளை.
கடலிலிருந்து வரும் ஈரக்காற்று
கண்ணாடியில் படிந்திருக்கிறது.
வெள்ளைக்குள் ஒரு நிழல் கேட்டைப் பூட்டுகிறது,
வண்டி வரை போகிறது, நிற்கிறது,
திரும்பி வருகிறது.
சிமெண்ட் கல்லை நகர்த்தும் சத்தம்.
ஒரு கைக்குட்டை.
துடைத்த இடத்தில் அவர் மூக்கு,
மிகப் பெரிதாக,
பிறகு கண்,
பிறகு ரிக்குக்குப் போகும் முதுகு.
இருபத்தெட்டு நாள்.

இந்தப் பெட்டி
பழசின் மேலேயே புதுசை எழுதும்.
அவர் இன்னும் கடல் நடுவே இருக்கும்போது
அவர் போனதே இங்கே இல்லாமல் போகும்.

பதினாறாம் தேதி சாயங்காலம் கடைக்குப் போனேன்.
இரண்டு டிபி.
இப்போது நூற்றுப்பத்து கூட, சேச்சி.
புதுசு காலியாகத்தான் தொடங்கும், பழசு அதில் வராது.
தெரியும் என்றேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி
பாஸ்போர்ட் வைக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.
புதியதில் முதல் படம்:
வெள்ளை.
சிமெண்ட் கல் மேல் நான், கையில் சமையலறைத் துணி.
அப்புறம் கேட், ஓர் ஓலை,
தெரு.