பூஜ்யம் என்றான் யெஃபிம்

செவ்வாய் பத்து இருபதுக்கு யெஃபிம் வருவான்.
ஷூவில் ஒட்டிய பனியை வாசலில் உதறுவான்,
இடது இரண்டு முறை, வலது ஒரு முறை.
டிசம்பரில் கோஹ்ட்லா-யார்வேயில்
பத்து மணிக்கும் சரியாக விடிந்திருக்காது.
எண்ணெய்க்கல்லை எரித்துக் கொட்டிய சாம்பல் மலை
ஜன்னலுக்கு வெளியே
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டாய் நிற்கும்.

மெத்தடோனை என் கண்ணெதிரே குடிக்க வேண்டும்.
குடித்ததும் ஏதாவது பேச வேண்டும்.
விழுங்கிவிட்டான் என்பதற்குப் பேச்சுதான் சாட்சி.
"கசப்பு மட்டும் குறையவே இல்லை, தைசியா."
இதைத்தான் எப்போதும் சொல்வான்.
எண்பதில் தொடங்கிய அளவு
இப்போது பதினைந்தில் நிற்கிறது.

பிறகு படிவம்.
கடந்த ஏழு நாளில் ஆசை எவ்வளவு?
பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லவும்.
பதினான்கு மாதமாக அவன் சொன்ன எண்களை
கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்திருக்கிறேன்:
நாலு, ஆறு, மூணு,
அண்ணனைப் புதைத்த வாரம் ஒன்பது,
மறுபடி நாலு.
கோணல்மாணல் கோடு.
எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்,
இன்னும் படுத்துக்கொள்ளவில்லை என்பதால்.

இன்று பூஜ்யம் என்றான்.

சிறுநீர்ச் சோதனையும் அவன் பக்கமே பேசியது.
கணினி பச்சை காட்டியது: ஆபத்து குறைவு,
அடுத்த சந்திப்பு நான்கு வாரம் கழித்து.
ஒரு பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது.

அமுக்கவில்லை.

அவன் நாய்க்குத் துமான் என்று பெயர்.
அவர்கள் பேச்சில் மூடுபனி; நிறமும் அதே.
எந்தச் செவ்வாயும் முழங்கால்வரை
அதன் முடி ஒட்டிய கோட்டோடுதான் வருவான்.
இன்று கோட் சுத்தமாக இருந்தது.
இதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

துமான் எப்படி இருக்கிறது?
"கீழ்வீட்டு ஆக்னியாவிடம் விட்டிருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு."
எத்தனை நாளைக்கு?
"கொஞ்ச நாளைக்கு."

சூடேற்றும் குழாயில் தண்ணீர் இடித்துக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும்:
அளவு இறங்க இறங்க உடம்பு பழைய கணக்கை மறந்துவிடும்,
கை மறக்காது.
போன குளிர்காலத்தில்
அந்த இடைவெளியில் மூன்று பேரை இழந்தோம்.
அதில் இரண்டு பேர் என்னிடம் பூஜ்யம் சொன்னவர்கள்.

நான் எதுவும் சொல்லவில்லை. பேனாவை மூடினேன்.
அந்தச் சின்னச் சத்தம் போதுமாக இருந்ததோ என்னவோ,

"ஞாயிறு ராத்திரி அந்தப் பழைய கட்டடத்துக்குப் போனேன்.
கதவுக்கு நாலு இலக்கம். விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.
மூணை அமுக்கினேன்."

நாலாவது?

"குளிர். கையுறையைப் போட்டுக்கொண்டேன்."

இப்போது எண்ணைச் சொல்லு.

"எட்டு."

பூஜ்யத்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.
கணினி சிவந்தது.
காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை
அப்போதுதான் விட்டேன்.

மூக்கில் அடிக்கும் மருந்து இரண்டு டப்பா கொடுத்தேன்:
ஒன்று உனக்கு,
ஒன்று ஆக்னியாவுக்கு, எப்படி அடிப்பதென்று காட்டு,
காட்டிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போ.
அளவைக் குறைப்பது இப்போதைக்கு வேண்டாம்,
டாக்டரிடம் நானே பேசுகிறேன்.
நாளைக்கும் வா. பத்து இருபது.
"நாளைக்குமா? பஸ்ஸுக்கு யார் கொடுப்பது?"
மேசை இழுப்பறையில் சீட்டு இருந்தது, கொடுத்தேன்.
முணுமுணுத்துக்கொண்டே வாங்கினான்.
முணுமுணுப்பு நல்லது.

புதன்கிழமை.
அவன் வந்தால் முதலில் கோட்டைப் பார்ப்பேன்.
எந்தக் கோட்டை என்கிறீர்களா,
முடி ஒட்டியதையா, தாளில் ஏறி இறங்குவதையா?
எனக்கே தெரியவில்லை.

பத்து இருபது.
பத்து இருபத்து மூன்று.
தேநீர் ஆறி ஏடு கட்டிவிட்டது.

வாசலில் யாரோ ஷூவை உதறுகிறார்கள்.
இடது, ஒரு முறை.

காதைத் தீட்டிக்கொண்டு
இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன்.